மகாராஜாவுக்கு அடித்த கூ

ஃப்ளெமிங்கின் முழங்கால் என் நெஞ்சில் ஊன்றியிருக்கிறது. என் முதுகு மேடைப் பலகையில். நடுவர் குனிந்து, பலகையில் கையை ஓங்கி அடித்து எண்ணுகிறார். மூன்று எண்ணினால் நான் தோற்றேன். ஒன்று எண்ணியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கயிறுகளுக்கு இடையால் ஒரு தலை உள்ளே வந்தது. தலைக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கமரா. கமராவுக்கு மேல் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம்.

"அண்ணை, முகத்தை ஒருக்கா இஞ்சால திருப்புங்கோ. அவரையும் பாக்கச் சொல்லுங்கோ. கொஞ்சம் சிரிச்சால் நல்லது."

ரஞ்சன்தான். அந்தக் காலத்தில் டென்மார்க்கின் ஹேர்னிங்கில் எந்தத் தமிழ்க் கல்யாணம், எந்தச் சாமத்தியவீடு என்றாலும் வீடியோ ரஞ்சன். தாலி கட்டுகிற நேரம் மணவறைக்கு முன்னால் நின்று, வந்த சனம் முழுவதுக்கும் தன் முதுகைக் காட்டுகிறவன். மாப்பிள்ளையிடம் "திரும்ப ஒருக்காக் கட்டுங்கோ" என்று சொல்லக் கூசாதவன்.

நடுவரின் கை அந்தரத்தில் நின்றது. என்னை மூச்சுத் திணற அமுக்கிக்கொண்டிருந்த ஃப்ளெமிங், அமுக்கியபடியே கமராவைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். என்ன செய்வது, கமராவைக் கண்டால் பல் தானாக வெளியே வருகிறது.

"ரெண்டு எண்ணுறதை இனி எண்ணச் சொல்லுங்கோ" என்று அனுமதி கொடுத்துவிட்டு ரஞ்சன் இறங்கிப் போனான்.

இந்தப் பத்தியில் நான் வேலை செய்த நெசவாலைக் கதையை எழுதிய வாரம், நான் மல்யுத்தம் செய்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். ஹ்விடோவ்ரேயிலிருந்து ஒரு வாசகர் "அண்ணை, புளுகுறீங்களோ?" என்று கேட்டிருந்தார். புளுகவில்லை. கசெட் இருக்கிறது.

தோற்கத் தெரிந்தவன்

ஃப்ளெமிங் ஆலையில் என் பக்கத்து மெஷினில் நின்றவன். வெள்ளிக்கிழமை வரை துணி, சனிக்கிழமை மல்யுத்தம். தொலைக்காட்சியில் வருகிற பெரிய கம்பனி மல்யுத்தம் இல்லை. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நடத்திய சின்னக் கழகம். யூலன்டில் ஊர் ஊராகப் போய், விளையாட்டு மண்டபத்தில் தாங்களே மேடை பூட்டி, தாங்களே டிக்கெட் கிழித்து, தாங்களே அடிபட்டு, தாங்களே கூட்டித் துடைத்துவிட்டு வருவார்கள்.

இந்த மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முதலே பேசி முடிவானது. ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன். சனம் நல்லவனுக்குக் கை தட்டும், கெட்டவனுக்குக் கூ அடிக்கும். கெட்டவனுக்கு ஆள் தட்டுப்பாடு. ஃப்ளெமிங் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ மகாராஜா" என்றான்.

யாழ்ப்பாணத்தில் மகாராஜா இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாழ்ப்பாணம் எங்கே என்று சனத்துக்கு விளங்கப்படுத்த நேரமில்லை என்றான். நியாயம்தான். ஆலையில் மிஞ்சிய திரைச்சீலைத் துணியில் தலைப்பாகை கட்டிக்கொண்டேன். மேடைக்கு வந்ததும் யாராவது என் காலணியைக் கழற்றிவிட வேண்டும் என்று காலை நீட்டிக்கொண்டு நிற்பேன். யாரும் வரமாட்டார்கள். எனக்குக் கோபம் வரும். மண்டபம் அலறும்.

ஒன்றை அடக்கமில்லாமல் சொல்கிறேன். தோற்பதில் என்னை வெல்ல யூலன்டில் ஆள் கிடையாது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அது நமக்குச் சரிவராது. மண் நன்றாக ஒட்டவேண்டும். கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் அது தெரியவேண்டும். எறிகிறவன் பேர் வாங்குவான். ஆனால் விழுகிறவன் சரியாக விழாவிட்டால் எறிந்தவன் வெறும் ஆள்தான். ஃப்ளெமிங் பெரிய வீரனானது என் முதுகால்.

வந்தவர் எல்லாரும் விழவேண்டும்

கழகத்துக்கு வீடியோ எடுக்க ஆள் தேவைப்பட்டபோது ரஞ்சனைக் கூட்டிப் போனவன் நான். அவனுக்கு மல்யுத்தம் தெரியாது. தெரிந்ததெல்லாம் கல்யாண வீடியோ.

நம்மவர் கல்யாண வீடியோவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வந்தவர் எல்லாரும் அதில் விழவேண்டும். தாலி தப்பினாலும் பரவாயில்லை, பெரியப்பா குடும்பம் தப்பக்கூடாது. தப்பினால், "நாங்களும் வந்தனாங்கள், வீடியோவில காணேல்லை" என்று ஒரு வாய் திறக்கும். அது மூட வருடங்கள் ஆகும்.

ஆகவே ரஞ்சன் யூலன்ட் மண்டபங்களிலும் ஒழுங்காக வரிசை வரிசையாகப் போனான். மேடையில் நாங்கள் ஒருவரை ஒருவர் தூக்கி எறிந்துகொண்டிருப்போம். கமரா சனத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். இடைவேளையில் சொசேஜ் சாப்பிடுகிறவர்களைப் பந்தியில் இருப்பவர்கள் போலவே ஒவ்வொருவராக, கிட்டத்தில், மெல்லும்வரை காத்திருந்து எடுத்தான்.

பிறகு வீட்டில் இருந்து அதை அலங்கரிப்பான். தொடக்கத்தில் பொன்னெழுத்தில் பெயர், நாலு மூலையிலும் ரோசாப்பூ. நான் மேடைக்கு நடந்து வருகிறபோது நாதஸ்வரம். நடுவர் மூன்று எண்ணியதும் கெட்டிமேளம். தோற்றுக் கிடக்கிற என் முகம் ஒரு இதயத்துக்குள் சுருங்கி மறையும்.

ஃப்ளெமிங் தலையில் அடித்துக்கொண்டான். "சண்டை எங்கே?" என்று கேட்டான். ரஞ்சன் அசரவில்லை. "சண்டையை எல்லாரும் நேரில பாத்தவை தானே அண்ணை. ஆர் ஆர் வந்தது எண்டதைத்தானே வீடியோவில பாக்கவேணும்?"

முன்வரிசைக் கதிரை

எங்கள் மகள் அபி ஒடென்சேயில் கணினி வேலை செய்கிறாள். வேலை முடிந்த பின்னேரங்களில் மல்யுத்தம் பழகுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகுதான் சொன்னாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், அடுத்த சனிக்கிழமை ஒடென்சேயில் தனக்கு முதல் போட்டி என்றாள். வழக்கம்போல் டேனிஷில்தான். தான் கெட்டவள் பாத்திரம் என்றும் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல் தாயைப் பார்த்து, "அம்மா, நீங்கள் வரவேண்டும்" என்றாள்.

என் மனைவி வதனி கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நான் வரேல்லை. கொப்பருக்குக் கூ அடிச்சதைக் கேட்டதே இந்தப் பிறப்புக்குக் காணும். என்ர பிள்ளைக்கு அடிக்கிறதைக் கேட்க என்னால ஏலாது."

அபி வளர்ந்த பிள்ளை. அனுமதி அவளுக்குத் தேவையில்லை, தாய் அங்கே இருக்கவேண்டும் என்பதுதான் தேவை. கண் கலங்கியதை மறைக்கச் சாப்பாட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த மேசையை.

வதனி சொன்னதன் கதை இது. அப்போது அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். டேனிஷ் வகுப்பில் முதல் பாடங்கள் நடந்துகொண்டிருந்தன. புது மனைவிக்கு என் வீரத்தைக் காட்டவேண்டாமா? கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தினேன். நல்ல சேலை, அதற்கு மேல் என்னுடைய பழைய குளிர்க்கோட்டு.

நான் தலைப்பாகையோடு வந்தேன். மண்டபம் முழுக்க எழும்பி நின்று கூ அடித்தது. "கோ யெம், மகாராஜா!" என்று பின்னால் இருந்து ஒரு பெண் குரல். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லும் வதனி வகுப்பில் படித்துவிட்டிருந்தாள்.

போட்டி முடிந்து வந்து பார்த்தால் முன்வரிசைக் கதிரையில் ஆளில்லை. வெளியே காருக்குப் பக்கத்தில், பனியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அது நடிப்பு, வதனி. எனக்குக் கூ அடிச்சால்தான் நான் நல்லாச் செய்தனான் எண்டு அர்த்தம்" என்றேன்.

"உங்களுக்கு நடிப்பு. அவைக்கும் நடிப்பெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"முடிஞ்சாப் பிறகு எல்லாரும் வந்து கை தருவினம்."

"கை தாறவையின்ர மனசுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆர் கண்டது?"

நான் வாயாடி. ஆனாலும் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டத் தொடங்கினேன். அதற்குப் பிறகும் சில வருடங்கள் நான் மேடை ஏறினேன். அவள் என் காயங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், உடுப்புத் தோய்த்தாள். மண்டபப் பக்கம் மட்டும் வரவில்லை. அந்தக் கசெட்டுகளையும் பார்த்ததில்லை.

இங்கர்

அந்த ஞாயிறு பின்னேரம் அபி ஒரு வேலை செய்தாள். என் கசெட்டுகள் எல்லாவற்றையும் முன்னரே கணினியில் ஏற்றி வைத்திருந்தாள். நான் விழுகிற விதத்தைப் பார்த்துப் பழகவேண்டுமாம். சோபாவில் என் பக்கத்தில் இருந்து ஒன்றைப் போட்டாள். ரோசாப்பூ விரிந்தது, நாதஸ்வரம் முழங்கியது.

குசினி வாசலில் கரண்டியோடு வதனி. நாதஸ்வரம் கேட்டு எந்தத் தமிழ்ப் பெண்ணால் குசினிக்குள் நிற்க முடியும்? யாருடைய கல்யாணம், யார் யார் வந்தது என்று பார்க்கவேண்டாமா?

"அப்பா, இவர் ஏன் உங்களை விட்டுவிட்டு ஆட்களையே காட்டுகிறார்?" அபிக்கு எரிச்சல். "இப்போதுதான் ஃப்ளெமிங் உங்களைத் தூக்கினார். நீங்கள் விழுந்ததைக் காணவில்லை!"

கமரா முன்வரிசையில் ஊர்ந்தது. சேலை, அதற்கு மேல் ஒரு பெரிய கோட்டு. ஒல்லியான ஒரு இளம் பெண், இரண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"அம்மா!" என்றாள் அபி.

கமரா போய்விட்டுத் திரும்பி வந்தபோது அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. அதை இத்தனை காலம் கழித்துப் பார்க்கும்போதும் நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது.

ரஞ்சன் வெறும் கதிரையில் நேரத்தை வீணாக்குகிறவன் இல்லை. அடுத்த வரிசைக்குப் போனான். அங்கே ஒரு பெண் கதிரையில் ஏறி நிற்கிறாள். பெரிய உடம்பு, பூப்போட்ட சட்டை. கையை ஆட்டி ஆட்டி, "கோ யெம், மகாராஜா! கோ யெம்!" கத்த முடியாமல் சிரிக்கிறாள். சிரிப்பில் கண்ணீர் வழிகிறது. பக்கத்தில் இருப்பவர் அவள் விழாமல் இடுப்பைப் பிடித்திருக்கிறார்.

"நிப்பாட்டு" என்றாள் வதனி.

அபி நிறுத்தினாள்.

"இது எங்கட இங்கர் எல்லே!"

வதனி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இங்கர் அங்கே கடைசி வருடங்களில் இருந்தவர். எனக்கு ஆளைத் தெரியாது, பெயரைத் தெரியும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ நாள் அடிபட்ட பெயர். தலைவாருவதற்கு வதனியைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார். கடைசி நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் வதனிதான். அன்று வீட்டுக்கு வந்து, சொந்தத்தில் ஒருவர் போனதுபோல முழுகிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள்.

வதனி சோபாவின் கைப்பிடியில் மெல்ல இருந்தாள். கரண்டி இன்னும் கையில்.

"குளிக்க வார்க்கேக்க சொல்லுவா. சனிக்கிழமையளில ஒரு மகாராசாவைப் போய் ஏசிப்போட்டு வாறனான், அந்தக் கிழமை முழுக்கச் சந்தோசமா இருப்பன் எண்டு. நான் வயசுபோன கதை எண்டு நினைச்சு ஓம் ஓம் எண்டனான்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த மகாராசா நீங்களே?"

"நான்தான்."

"பின்னால இருந்து கத்தினது இவவே?"

"இவதான்போல."

"கடவுளே, இங்கர்!" என்று வதனி வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குப் பின்னால் அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "திரும்பப் போடு பிள்ளை" என்றாள்.

அபி போட்டாள். வதனி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாண் விற்ற பேக்கரிப் பெண்ணைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் கூ அடித்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள். இடையில் மறுபடியும் நிறுத்தச் சொன்னாள். சுவர்ப் பக்கமாக நின்ற ஒரு ஆளை விரலால் தொட்டாள்.

"இவன் சிரிக்கேல்லை."

"ஓம். அவனை எனக்கும் தெரியும். ஒவ்வொரு மண்டபத்திலயும் அப்பிடி ஒண்டு நிக்கும்."

"தெரிஞ்சுகொண்டோ ஏறினீங்கள்?"

"அவன் ஒருத்தன் வதனி. இங்கர்மார் மண்டபம் நிறைய."

வதனி எழுந்து குசினிக்குப் போனாள். கறி அடிப்பிடித்துவிட்டிருந்தது. மூவரும் அதைத்தான் சாப்பிட்டோம். போட்டியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அபி ஒடென்சேக்குத் திரும்பும்போது மறுபடி கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை, வேலைக்கு வெளிக்கிடும்போது சப்பாத்துக் கட்டிக்கொண்டே வதனி சொன்னாள்: "சனிக்கிழமை வேலையை மாத்திப்போட்டன். காருக்கு எண்ணெய் அடிச்சு வையுங்கோ."

ஒடென்சே

வந்துவிட்டாள் என்பதற்காகத் தாங்குவாள் என்று சொல்ல முடியாது. கடற்பாலம் தாண்டும்வரை கதைத்துக்கொண்டு வந்தவள், மண்டபத்து வாசலில் அடங்கிப்போனாள். மறுபடியும் முன்வரிசை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீடியோவில் பார்த்த அதே பிடி. நான் வெளியேறும் கதவு எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. எங்கள் பிள்ளை வந்தாள்.

தலைப்பாகை இல்லை, மினுக்கம் இல்லை. சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, கக்கத்தில் தடித்த கோப்பு. அவசரமே இல்லாமல் நடந்து வந்து மேடை ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தாள்.

"அலுவலக நேரம் முடிந்துவிட்டது" என்றாள் டேனிஷில், உயிரில்லாத குரலில். "எல்லாரும் திங்கட்கிழமை வாருங்கள். நம்பர் எடுக்க மறக்கவேண்டாம்."

கெட்டவள் யார் என்று சனத்துக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் கொம்யூன் அதிகாரி, நகரசபை அலுவலகக்காரி! இந்த நாட்டில் அந்த நடைக்கூடத்தில் வரிசை நம்பரோடு இருந்து பார்க்காதவர் யார்? மண்டபம் அதிரக் கூ அடித்தது. நான் மகாராஜாவாக இருந்து வருடக்கணக்கில் வாங்கியதை என் மகள் ஒரு வசனத்தில் வாங்கினாள்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. வதனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் குலுங்கியது. போச்சு என்று நினைத்து, அவள் கோட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"இது கொம்யூனில இருந்த அந்தக் கண்ணாடிக்காரி எல்லே" என்றாள் என் காதுக்குள். "வகுப்புக்கு, வேலைக்கு, பிள்ளைக் காப்பகத்துக்கு, எல்லாத்துக்கும் நாளைக்கு வா நாளைக்கு வா எண்டு விட்டவள்!"

சிரிப்பில்தான் குலுங்கியிருக்கிறாள். கைப்பையைத் தூக்கி என் மடியில் போட்டாள். எழுந்தாள். இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"கூ...!"

டேனிஷ்காரர் "பூ" என்றுதான் அடிப்பார்கள். கீழே இருந்து வருகிற தடித்த சத்தம் அது. வதனியுடையது நம்மூர்க் கூ, உச்சத்தில் ஏறிப் போய் அங்கேயே நிற்கிறது. மண்டபத்தின் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலால் அது தனியாகப் போனது.

கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த அபியின் கை நின்றுவிட்டது. மெல்லத் திரும்பினாள். கண்ணாடிக்கு மேலால் முன்வரிசையைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் கொம்யூன்காரியின் முகமாக இருக்கவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு விரலை நீட்டினாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, மைக்கில், மண்டபம் முழுக்கக் கேட்க, தமிழில் கேட்டாள்:

"ஏய், முன்வரிசை அம்மா! நம்பர் எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான்!" வதனி கத்தினாள். "நீதான் கூப்பிடேல்லை!"

அங்கே யாருக்கும் ஒரு சொல் விளங்கியிராது. ஆனாலும் மண்டபம் சிரித்தது, மறுபடி கூ அடித்தது, வதனியும் விடாமல் அடித்தாள். அபி தோற்றாள். தொழில் தெரிந்தவன் சொல்கிறேன், அழகாகத் தோற்றாள். கோப்பிலிருந்த தாள்கள் மேடை முழுக்கப் பறக்க மல்லாக்க விழுந்து கிடந்தவளுக்கு, வதனி கதிரையில் ஏறி நின்று கூ அடித்தாள். நான் அவள் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போன வதனிக்குத் தொண்டை கட்டி, குரல் வெளியே வரவில்லை. காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு முதியவர் என்ன நடந்தது என்று விசாரித்தாராம். "மகளுக்குக் கூ அடிச்சனான்" என்று வதனி டேனிஷில் சொன்னாளாம். அவர் திகைத்துப்போய்ப் பார்க்க, கோப்பியை ஊற்றி வைத்துவிட்டு, முழுக் கதையையும் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாளாம்.